அப்டேட்: டிராகன் கொம்பு ஒருவழியா நிமிர்ந்துடுச்சு

போன வாரம் கேட்டிருந்தேன்ல, டிராகன் காஸ்பிளேக்கு (கதாபாத்திர வேஷம்) குரோஷால, அதாவது கொக்கி ஊசியால (ஹூக்) பின்னின கொம்பு தொங்குது, தோள் செதில் விறைச்சுக்கிட்டு நிக்குது, என்ன பண்றதுன்னு. பதில் சொன்ன எல்லாருக்கும் தேங்க்ஸ்ங்க, ரெண்டுமே சரியாயிடுச்சு.

கொம்புக்குள்ள கம்பி விட சொன்னீங்க, ஆனா கம்பி மட்டும் பத்தல, 4 எம்எம் ஹூக்க விட்டுட்டு 3 எம்எம்ல இறுக்கிப் பின்னி பஞ்ச நல்லா திணிச்சப்புறம்தான் நின்னுச்சு, கம்பி முனைய வளைச்சு டேப் சுத்திடுங்க இல்லன்னா மண்டைய குத்தும்.

செதிலுக்கு போட்டது க்ரோகடைல் ஸ்டிட்ச் (செதில் மாதிரி அடுக்கடுக்கா வர்ற பின்னல்), ஒரு தூண்ல (நிக்கற தையலோட தண்டு) 5 டபுள் குரோஷா (உயரமான ஒரு தையல்) இறங்கி பக்கத்து தூண்ல 5 ஏறினா ஒரு செதில், பாக்க அள்ளும் ஆனா நூல கபளீகரம் பண்ணிடும் (பர்ஸையும்தான்). சூடு பட்டா இளகுற அக்ரிலிக் நூல்ங்கறதால அயர்ன் பாக்ஸ மேல படாம புடிச்சு ஆவி காட்டினேன், அப்டியே தொளதொளன்னு விழுந்துடுச்சு. ஒருதடவ இப்டி ஆயிட்டா திரும்ப பழையபடி வராது, அதனால சின்ன துண்டுல பாத்துட்டு பண்ணுங்க.

சங்கிலிக் கவசம் (போர்வீரர் போடற இரும்பு வளையச் சட்டை) கேட்ட அக்காவுக்கு: நாடகத்துல பண்ற மாதிரி தடி நூல்ல பின்னி சில்வர் பெயின்ட் அடிங்க, தூரத்துல இரும்பாட்டமே தெரியும், வெயிட்டும் இல்ல. எனக்கு வால் இன்னும் பாக்கி.