ஆந்த்ரசீன் ட்ரிப்லெட் 250 நானோசெகண்டில் காலி, ஏன்?

ஒளிவேதி_புதுசு:
லேசர் ஃப்ளாஷ் ஃபோட்டாலிசிஸ் (ஒளித்துடிப்பால் மூலக்கூறைக் கிளர்த்தி, அது தேய்வதை உறிஞ்சலால் பார்க்கும் முறை) பழகுகிறேன். ஆந்த்ரசீன் 5×10⁻⁵ மோலார், அசிட்டோநைட்ரைல், 355 நானோமீட்டர் லேசர், 420-ல் ட்ரிப்லெட்டின் (நீண்டு வாழும் கிளர்நிலை) உறிஞ்சல். இந்த முறையை உருவாக்கியவர்களில் ஒருவரான போர்ட்டர் காலத்து ஆய்வுகளில் ட்ரிப்லெட் ஆயுள் நூற்றுக்கணக்கான மைக்ரோசெகண்ட். எனக்குக் காற்றோடு 250 நானோசெகண்ட். ஆக்சிஜனை விரட்ட 5 நிமிடம் ஆர்கான் விட்டால் 3 மைக்ரோசெகண்ட். தொடக்கத்தில் சிக்னல் கீழே குழிகிறது வேறு. எங்கே தப்பு?

குவார்ட்ஸ்செல்:
250 தப்பான எண் இல்லைங்க, ரொம்பச் சரியான எண்! காற்று பட்ட அசிட்டோநைட்ரைலில் ஆக்சிஜன் சுமார் 1.9 மில்லிமோலார். ஆக்சிஜன் ட்ரிப்லெட்டை அணைக்கும் மாறிலி ஏறக்குறைய 2×10⁹. இரண்டையும் பெருக்கித் தலைகீழாக்கினால் 260 நானோசெகண்ட். அதே கணக்கில் 3 மைக்ரோசெகண்ட் என்றால் பத்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் இன்னும் உள்ளே.

5 நிமிடம் போதாது, 20–30 வேண்டும். ஊசி முனை கரைசலின் அடிவரை போகட்டும், வெளியேறும் ஊசி மேலே நிற்கட்டும். வாயுவை முதலில் வெறும் அசிட்டோநைட்ரைல் வழியே விட்டு ஆவியூட்டுங்கள். இல்லாவிட்டால் செல்லில் கரைப்பான் வற்றிச் செறிவு ஏறிவிடும். பலமுறை குத்திய செப்டம் (ரப்பர் மூடி) காற்றை விடும், மாற்றுங்கள்.

வெற்றிடக்குழாய்:
நூறு மைக்ரோசெகண்டைத் தாண்ட வேண்டுமென்றால் ஆர்கானை நம்ப மாட்டேன். உறையவைத்து, பம்ப் போட்டு, உருக்கு. இப்படி நாலு சுற்று. உறைந்திருக்கும்போது மட்டுமே பம்ப் வால்வு திறந்திருக்க வேண்டும். உறையவைப்பது செல்லோடு ஒட்டிய பைரெக்ஸ் குமிழில். குவார்ட்ஸ் செல்லைத் திரவ நைட்ரஜனில் முக்கினால் விரிசல் விடலாம். அந்தக் குளிர்ச்சியில் ஆர்கான் குழாயையோ காற்றையோ திறந்து வைக்காதீர்கள். −196 டிகிரியில் காற்று திரவமாகும், ஆர்கான் உறைந்தே போகும். பிறகு மூடி வைத்துச் சூடேறவிட்டால் கண்ணாடி வெடிக்கும்.

அலைக்காட்டி:
அந்தக் குழி ஆந்த்ரசீனின் ஒளிர்வு. 380–450 பகுதியில் அது நன்றாகவே ஒளிரும், ஆயுள் சில நானோசெகண்ட். ஆய்வு விளக்கின் (உறிஞ்சலை அளக்கும் ஒளி) ஷட்டரை மூடி, லேசர் மட்டும் அடித்து ஒரு தடம் எடுத்துக் கழியுங்கள்.

ஆக்சிஜன் போனதும் அடுத்த வில்லன் ட்ரிப்லெட்டே. இரண்டு ட்ரிப்லெட் மோதினால் இரண்டும் போச்சு. உறிஞ்சல் மாற்றம் 0.1 என்றால், உறிஞ்சல் குணகம் 50,000 சுமார் வைத்தால், ட்ரிப்லெட் 2 மைக்ரோமோலார். மோதல் மாறிலி 10¹⁰ அளவில் இருப்பதால் 50 மைக்ரோசெகண்டிலேயே பாதி காலி. லேசர் ஆற்றலைப் பாதியாக, கால்வாசியாகக் குறைத்து எடுத்துப் பாருங்கள். ஆயுள் நீண்டுகொண்டே போனால் இதுதான் காரணம். ஒற்றை எக்ஸ்போனென்ஷியலை (ஒரே ஆயுளோடு தேயும் வளைவு) வலிந்து பொருத்தாதீர்கள்.

பழையகதை:
போர்ட்டரைச் சொன்னதால் ஒன்று. போர்க்காலத்தில் கடற்படை ரேடார் அதிகாரி. துடிப்பு மின்னணுவியல் கைவந்தது அங்கேதான். கேம்பிரிட்ஜில் நோரிஷோடு 1949-ல் முதல் ஃப்ளாஷ் ஃபோட்டாலிசிஸ் கட்டுரை, 1967-ல் நோரிஷ், ஐகன் இருவரோடும் நோபல். திரவக் கரைசலில் ட்ரிப்லெட் உறிஞ்சலை அவரும் வின்ட்ஸரும் பதிவு செய்தது 1950-களில். அதற்கு முன் லூயிஸும் காஷாவும் உறைந்த கண்ணாடி ஊடகத்தில்தான் ட்ரிப்லெட்டை நிறுவினார்கள். போர்ட்டரின் ஃப்ளாஷ் அணையவே மைக்ரோசெகண்ட் கணக்கில் ஆகும், உங்கள் 250 நானோசெகண்ட் அதற்குள் முடிந்துவிடும். காற்றை எடுக்காமல் அவருக்கு ஒரு கோடுகூட விழுந்திருக்காது.

குவார்ட்ஸ்செல்:
ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் உறிஞ்சல் நிறமாலை எடுங்கள். ஆந்த்ரசீன் டைமராகும் (இரண்டு மூலக்கூறு ஒட்டிக்கொள்ளும்), ஆக்சிஜன் இருந்தால் அதைச் சேர்த்துக்கொண்டு எண்டோபெராக்சைடாகவும் போகும். 376 நானோமீட்டர் உச்சி 5 சதவீதம் குறைந்திருந்தால் கரைசலைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.