அயன் மேன் ஃபோம் உடுப்பு: தோள் மூட்டு பிரிகிறது, தலைக்கவசம் இறங்க மாட்டேன் என்கிறது

தையல்_ஆரையம்பதி

எல்லோருக்கும் வணக்கம். தம்பியின் பள்ளியில் தை மாதக் கடைசியில் இல்ல விளையாட்டுப் போட்டி. வினோத உடையில் அயன் மேனாக வருவதாகப் பெயர் கொடுத்துவிட்டு வந்துதான் என்னிடம் சொன்னான். வீட்டில் தையல் மெஷின் இருந்தால் எதையும் செய்துவிடலாம் என்பது அவனுடைய எண்ணம். சட்டை, பிளவுஸ், யூனிஃபோம் எல்லாம் எனக்குத் தண்ணிபட்ட பாடு. ஃபோம் வேலை புதிது.

சின்னப் பிள்ளைகளுக்குத் தரையில் விரிப்பார்களே, ஒன்றோடொன்று கொளுவும் ஃபோம் பாய், அதில் 10 மி.மீ. தடிப்புள்ளதை வாங்கினோம். தம்பியின் உடம்பில் சாப்பாடு சுற்றும் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, மேலே மாஸ்கிங் டேப் ஒட்டி, கோடு கீறி, வெட்டிக் கழற்றி அதையே பேட்டர்னாக எடுத்தேன். அதுவரைக்கும் நல்லாகத்தான் போனது.

இப்போது மார்பும் தோளும் சேரும் இடம் மத்தியானமானால் வாய் பிளக்கிறது. பசைக் குச்சியைச் சூட்டில் உருக்கி விடுகிற குளூ கன்னால் ஒட்டியது. காலையில் கல்லுப் போல் இருக்கும், முற்றத்து வெயிலில் போட்டுப் பார்த்தால் பிரிந்து நூல் நூலாக இழுபடுகிறது. அடுத்தது தலைக்கவசம். தம்பியின் தலைச் சுற்றளவு 56 செ.மீ. லூஸுக்கு 2 செ.மீ. விட்டு 58இல் வெட்டினேன், நெற்றியோடு நிற்கிறது. முழங்கையில் அடித்த சிவப்பு இனாமல் பெயின்ட் மடக்கினால் வெடிக்கிறது. நெஞ்சில் ஒளிரும் வட்டத்துக்கு ரெஜிஃபோமில் (சாமான் பெட்டிக்குள் வருகிற வெள்ளை ஃபோம்) ஒரு வளையம் வெட்டி, செருப்புக்குப் பூசும் மஞ்சள் பசை தடவினேன். பசை தொட்ட இடமெல்லாம் கரைந்து குழியாகிவிட்டது.

வீடியோக்களில் எல்லாரும் இதே சாமானைத்தான் பாவிக்கிறார்கள். அவர்களுக்கு மட்டும் எப்படி நிற்கிறது?

கல்முனை_கவசக்காரன்

அக்கா, அந்த வீடியோக்களில் பாதி குளிர் நாட்டுக் கராஜில் எடுத்தது. குளூ கன் குச்சி 60 பாகை செல்சியஸை அண்டிய சூட்டிலேயே இளகத் தொடங்கும். நம்முடைய மத்தியான வெயிலில் கிடக்கிற கறுத்த ஃபோம் அந்தச் சூட்டை எளிதில் தொடும். பூட்டிய வாகனத்துக்குள் வைத்தாலும் அதே கதிதான்.

மூட்டுக்கு அந்த மஞ்சள் பசைதான் சரி. தச்சு வேலைக்காரர் ஃபோர்மைக்கா ஒட்டுவதற்கு வாங்குவதும் அதே இனம், ஹாட்வெயாரில் அப்படிச் சொல்லிக் கேட்டாலே எடுத்துத் தருவார்கள். ரெஜிஃபோமில் அது கரைத்தது பசையின் பிழை இல்லை. ரெஜிஃபோம் என்பது பொலிஸ்டைரீன். பசையில் இருக்கிற கரைப்பான், பெற்றோல், தின்னர், ஸ்பிரே பெயின்ட் எல்லாம் அதைத் தின்னும். உங்கள் பாய் ஈவிஏ என்கிற வேறு இன ஃபோம், அதற்கு ஒன்றும் ஆகாது. ரெஜிஃபோமைச் சூடுகாட்டி வளைக்கவும் வேண்டாம், அந்தப் புகை கூடாது. வளையத்தை ஃபோமிலேயே வெட்டுங்கள். ஒளி வருகிற முகத்துக்கு ஐஸ்கிரீம் டப்பாவின் வெள்ளை மூடி போதும், பின்னால் லைட் வைத்தால் அழகாகப் பரவும்.

பழைய குளூவை முழுக்க எடுத்துவிட்டுத்தான் புதுப்பசை. அதன் மேலேயே பூசினால் இரண்டும் பிடிக்காது. பாமசியில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் வாங்கி மூட்டில் விட்டுக் கொஞ்சம் பொறுத்து உரித்தால் தோலாகக் கழரும். பிறகு விளிம்பைச் சேன்ட் பேப்பரால் லேசாகத் தேயுங்கள். இரண்டு விளிம்பிலும் மெல்லிசாகப் பசை பூசி, 10 நிமிடம் போல் காய விட்டு, விரலில் ஒட்டாத பதம் வந்ததும் சேர்த்து அழுத்த வேண்டும். ஈரப் பசையோடு சேர்த்தால் பிடிக்காது. சேர்த்த பிறகு நகர்த்தவும் முடியாது. ஒரு முனையில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பொருத்திப் போங்கள்.

கடலோரப்_பொடியன்

நான் அக்காவின் மகளுக்குத் தேவதைச் சிறகு முழுக்கக் குளூ கன்னால்தான் ஒட்டினேன். ஒரு பிரச்சினையும் வரவில்லை. பசை வாங்கிக் காசைக் கரியாக்காதீங்க.

கல்முனை_கவசக்காரன்

தம்பி, சிறகு பாரமில்லை, இழுவையும் இல்லை. மண்டபத்துக்குள்ளே என்றால் கவசம்கூட நிற்கும். இது மைதானத்தில், வெயிலில், கையைத் தூக்கித் தூக்கி நடக்கிற உடுப்பு. உள்ளே பெல்ட் ஒட்ட, சின்னச் சின்ன அலங்காரம் வைக்கக் குளூ கன் தாராளமாகப் பாவிக்கலாம்.

சம்மாந்துறை_நானா

தங்கச்சி, பசை விசயத்தில் ஒன்று விடுபட்டுப் போச்சு. இப்ப மாரி இன்னும் முடியல்ல. காற்றில் ஈரம் கூடின நேரத்தில் இந்தப் பசையைப் பூசினால் கரைப்பான் பறக்கிறபோது மேற்பரப்பு குளிரும், அதில் காற்றின் ஈரம் படியும். பூசின இடம் மங்கி வெள்ளை பூத்த மாதிரித் தெரியும். அப்படியே அழுத்தினால் பிடித்த மாதிரி இருந்து அடுத்த நாள் உரியும். நான் கதிரை, செற்றிக்கு மெத்தை போடுகிறவன், மார்கழி தையில் இதோட மாரடிக்கிறதே வேலை.

மழை விட்டுப் பொழுது ஏறின பிறகு பூசுங்கோ. பூசுமுன் ஃபோமைக் கொஞ்ச நேரம் வெயில் காட்டினால் நல்லம், பூசுகிறது மட்டும் நிழலில். வெயிலில் வைத்துப் பூசினால் மேலே தோல் கட்டி உள்ளே ஈரமாகவே கிடக்கும். வெள்ளை பூத்திருந்தால் அதை முழுதாகக் காய விட்டு மேலே இன்னொரு தரம் பூசிச் சேருங்கோ. வேலை விறாந்தையில் நடக்கட்டும். மணம் தலையைச் சுற்றும், அடுப்பு, விளக்கு, சிகரெட் ஒன்றும் கிட்ட வரக்கூடாது, ஆவியே பற்றும்.

இன்னொன்று, துண்டை முதலில் வளைத்தீங்களா? தட்டையாக வெட்டின ஃபோமை இழுத்து மடக்கி ஒட்டினால் எந்தப் பசையும் ஒரு நாள் தோற்கும். அது நிமிரத்தான் பார்க்கும்.

தையல்_ஆரையம்பதி

நானா, நான் இழுத்துப் பிடித்துத்தான் ஒட்டினேன், துணியில் அப்படித்தானே செய்வோம். ஹெயார் டிரையரால் சூடு காட்டிப் பார்த்தேன், 10 மி.மீ.க்கு ஏறவே இல்லை. வேறு வழி இருக்கா? காஸ் அடுப்பில் காட்டலாமா?

கல்முனை_கவசக்காரன்

அடுப்பு வேண்டவே வேண்டாம் அக்கா, ஈவிஏ பற்றினால் உருகி ஒழுகிக்கொண்டே எரியும். த்ரீவீலுக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிற கடைகளில் கடும் சூட்டுக் காற்று ஊதுகிற ஹீட் கன் வைத்திருப்பார்கள். வெட்டின துண்டெல்லாவற்றையும் ஒரே தரமாகக் கொண்டுபோய்க் கேட்டால் கொஞ்ச நேரத்துக்குத் தருவார்கள். ஓரிடத்திலேயே பிடிக்காமல் ஆட்டிக்கொண்டே காட்டுங்கள். மேற்பரப்பில் மெல்லிய மினுக்கம் வரும், அதுதான் பதம். உடனே சோற்றுப் பானை மேலோ தம்பியின் முழங்காலிலோ வைத்து வளைத்து, ஆறும்வரை கையை எடுக்காமல் பிடியுங்கள். சூடு பட்டதும் மேலிருக்கிற சின்னத் துளைகளும் மூடிக்கொள்ளும், பெயின்ட் குடிப்பது குறையும். பாயின் கோடு கோடான பக்கம் உள்ளே போகட்டும்.

தலைக்கவசக் கணக்குக்கு வருவோம். துணிக்குத் தடிப்பில்லை, அதனால் சுற்றளவும் வெட்டும் நீளமும் ஒன்று. 10 மி.மீ. ஃபோமை வளையமாக்கினால் உள்பக்கம் நெரியும், வெளிப்பக்கம் விரியும், நீங்கள் வெட்டின 58 செ.மீ. நடுவில் மட்டும்தான் இருக்கும். உள்ளே கிடைக்கிறது 58 கழித்தல் 3.14, அதாவது 55க்குக் கிட்ட. தலை 56. இறங்குமா? எந்த வளையத்துக்கும் தடிப்பை 3.14ஆல் பெருக்கிக் கூட்டுங்கள், லூஸு அதற்கு மேலே. கை, கால், இடுப்புக்கும் இதே கணக்குத்தான். அங்கே துணிக்கு விடுகிற லூஸிலேயே சமாளித்திருப்பீர்கள், அதனால் தெரியவில்லை.

ஆனால் அளவைக் கூட்டினால் மட்டும் சரிவராது. நெற்றிச் சுற்றளவை விட நாடியிலிருந்து (முகவாயிலிருந்து) உச்சிக்குச் சுற்றுகிற அளவு கூட. முழுக் கவசத்தைத் தலை வழியாக இறக்க வேண்டுமென்றால் கழுத்து வாய் அந்த அளவுக்கு இருக்க வேண்டும், அப்போது உருவம் குடம் மாதிரி ஆகிவிடும். பின்மண்டையைத் தனித் துண்டாக்கி மேலே ஒரு ரெக்சின் பட்டியால் கீல் மாதிரிப் பூட்டிவிடுங்கள். திறந்து போட்டு மூடலாம். முகத்துண்டுக்கு 5 அல்லது 6 மி.மீ. ஃபோம் எடுத்தால் நுணுக்கம் வரும். பிளேட்டை அடிக்கடி மாற்றுங்கள், மழுங்கினால் வெட்டாது, பிய்க்கும்.

அண்ணாவியார்_பேரன்

பசையை மாற்றினாலும் அந்தத் தோள் மூட்டு திரும்பவும் பிரியும் என்றுதான் எனக்குப் படுகிறது. மார்போடு தோளை ஒட்டினால் கையைத் தூக்கும்போதெல்லாம் முழு இழுவையும் அந்த ஒரு கோட்டில் விழுகிறது.

எங்கள் வீட்டில் கூத்து உடுப்புக் கட்டிப் பழகினவர்கள். வடமோடிக் கூத்தில் ராசாவுக்கு இடுப்பிலிருந்து வளையமாக விரிகிற கரப்புடுப்பு, மார்புப் பதக்கம், புயத்தில் புஜகிரீடம், தலையில் முடி என்று எவ்வளவு பாரம், அதோடு விடிய விடிய ஆடுகிறார்கள். அங்கே ஒன்றை ஒன்றோடு ஒட்டுவதில்லை. புயத்தில் இருப்பது புயத்தில் கட்டு, மார்பில் இருப்பது மார்பில் கட்டு. கை அசைந்தால் புயத்துத் துண்டு மட்டும் கூடவே போகும். பாரத்தை இடுப்பு ஏற்கும், கழுத்து ஏற்காது. தம்பியின் தோள் துண்டை மார்பிலிருந்து கழற்றி, உள்ளே அகலமான இலாஸ்டிக் வைத்துத் தனியாகத் தொங்க விடுங்கள். இடையில் இரண்டு விரல் இடைவெளி தெரிந்தால் பரவாயில்லை, உள்ளே கறுத்த முழுக்கைப் பனியன் போட்டால் கண்ணுக்குப் படாது. தொடைத் துண்டை இடுப்புப் பெல்ட்டில் தொங்கப் போடுங்கள், இல்லாவிட்டால் மைதானம் பாதி சுற்றுமுன் முழங்காலில் கிடக்கும்.

ஒட்டும் வெல்க்ரோவை நம்ப வேண்டாம், வியர்வையில் கழரும். பழைய ஸ்கூல் பேக்கில் இருக்கும் பிளாஸ்டிக் பக்கிளை வெட்டி எடுங்கள். பட்டியைத் தைக்க உங்களுக்குத் தெரியாததா?

கடலோரப்_பொடியன்

பெயின்ட் வெடிக்கிறதென்றால் பேசாமல் சாம்பல் நிறத்தில் விடுங்க. 1963இல் மார்வல் கொமிக்ஸில் அயன் மேன் முதன்முதலாக வந்தபோது கவசம் சாம்பல்தான். சிவப்பும் பொன்னும் அந்த வருடக் கடைசியில்தான் வந்தது. யாரும் கேட்டால் பழைய மொடல் என்று சொல்லலாம்.

தையல்_ஆரையம்பதி

இதைத் தம்பியிடம் வாசித்துக் காட்டினேன். சாப்பிடாமல் எழும்பிப் போய்விட்டான். சிவப்புத்தான் வேண்டுமாம்.

சம்மாந்துறை_நானா

இனாமல் காய்ந்தால் ஓடு மாதிரி இறுகும், மடிகிற சாமானுக்கு அது ஆகாது. உள்ளதைச் சுரண்டிவிட்டு, மரம் ஒட்டுகிற வெள்ளைப் பசையில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து மெல்லிசாக மூன்று நாலு தரம் பூசுங்கோ, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு மற்றது. மேலே வெளிச்சுவருக்கு அடிக்கிற அக்ரிலிக் எமல்சன், அது கொஞ்சம் வளைந்து கொடுக்கும். வெள்ளைப் பசை ஈரம் பட்டால் இளகும், ஆகவே விளிம்பையும் விடாமல் பெயின்டால் மூடவேணும். முழங்கையில் எந்தப் பெயின்டும் கடைசியில் கோடு விடும். அந்த இடத்தில் ஃபோமே வேண்டாம். மேல்கை ஒரு துண்டு, கீழ்க்கை ஒரு துண்டு, நடுவில் சிவப்புத் துணி. காத்தான்குடியில் இழுபடுகிற துணி எத்தனை சிவப்பில் வேணும்?

தையல்_ஆரையம்பதி

எல்லாருக்கும் நன்றி. சொன்னபடி தோளைத் தனியாக்கி இலாஸ்டிக்கில் தொங்க விட்டேன். ஸ்டிக்கர் கடையில் சூடு காட்டி வளைத்தாச்சு, அந்தப் பெடியன்களே பாதி வேலையைச் செய்து தந்துவிட்டார்கள். மூட்டுகள் வெயிலிலும் அசையவில்லை. ஒரு பக்கம் நானா சொன்ன வெள்ளை பூத்தது, காய விட்டு இரண்டாம் தரம் பூசினதும் பிடித்துக்கொண்டது. தலைக்கவசம் பின்பக்கம் திறக்கிற மாதிரி வந்திருக்கிறது, உள்ளே சூடுதான் தாங்க முடியவில்லை என்கிறான்.

நெஞ்சு லைட்டில் ஒரு சிக்கல். சின்ன எல்ஈடி, யூஎஸ்பி வயரில் பவர் பாங்க்கோடு கொளுவினேன். கொஞ்ச நேரம் எரிந்து தானாக அணைகிறது. பவர் பாங்க் பழுதா?

கல்முனை_கவசக்காரன்

பழுதில்லை அக்கா. எல்ஈடி இழுக்கிற மின் மிகக் குறைவு. போன் சார்ஜ் ஏறி முடிந்துவிட்டதென்று நினைத்துப் பல பவர் பாங்க் தானே நிறுத்திக்கொள்ளும். 5 வோல்ட் சின்ன ஃபேன் ஒன்று வாங்கி, வாய்ப் பக்கத்தில் காற்றை உள்ளே இழுக்கிற மாதிரிப் பூட்டி, லைட்டையும் ஃபேனையும் ஒரே பவர் பாங்க்கில் கொளுவுங்கள். பெரும்பாலும் அணையாது, தம்பிக்கும் மூச்சுக் கிடைக்கும். உச்சியில் பின்பக்கமாக இரண்டு மூன்று துளையும் போடுங்கள், சூடான காற்று போக வழி வேண்டும். கண் துளைக்குக் கறுத்த வலைத் துணி வைத்தால் வெளியிலிருந்து முகம் தெரியாது.

தையல்_ஆரையம்பதி

ஃபேன் பூட்டியாச்சு, இரண்டும் அணையாமல் ஓடுகிறது. வேறு ஏதும் கவனிக்க வேண்டுமா?

அண்ணாவியார்_பேரன்

முறை வரும்வரை தலைக்கவசத்தைப் போட விடாதீங்க, கையில் வைத்திருக்கட்டும். போடுமுன் தண்ணீர் குடிக்கக் கொடுங்கள். கையுறை போட்ட பிறகு அவனால் பின்பக்கப் பக்கிளைத் திறக்க முடியாது. கழற்றத் தெரிந்த ஒரு கூட்டாளி மைதானத்துக் கயிற்றுக்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டும், கையில் மாஸ்கிங் டேப்பும் சின்னக் கத்தரிக்கோலும் இருக்கட்டும்.