ஹெல்மெட் டிஸ்ப்ளே ஆப்டிக்ஸ்: பெஞ்சில் ஒன்று, தலையில் வேறொன்று

(தலைக்கவசத்தில் பொருத்தி, கண் முன்னால் படம் காட்டும் கருவிகளின் ஒளியியல் பற்றி அதில் வேலை செய்த மூவர் எழுதியவை இவை.)

இந்தத் துறையில் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது எக்ஸிட் பியூப்பில்தான். படத்தின் ஒளி முழுவதும் வந்து சேரும் சின்ன வட்டம் அது. கண்மணி அதற்குள் இருந்தால் படம் தெரியும். விலகினால் முதலில் ஓரம் இருளும், அப்புறம் மொத்தமும் மறையும். ஆய்வக மேசையில், அதாவது பெஞ்சில், கேமரா வைத்துப் பார்க்கும்போது இது உறைக்காது, கேமரா அசைவதில்லை. தலையில் மாட்டினால் கண் சும்மா இருக்குமா? கண் சுழலும் மையம் கண்மணிக்குச் சுமார் 10 மி.மீ. பின்னால் இருப்பதால், பார்வையை 20 டிகிரி திருப்பினாலே கண்மணி 3 மி.மீ.க்கு மேல் நகர்ந்துவிடும். தலைக்கவசமும் கொஞ்சம் சரிந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

அப்பாச்சி ஹெலிகாப்டர் விமானிகளின் கவசக் கருவியில் வலக்கண்ணுக்கு மட்டும்தான் படம். அகலம் 40 டிகிரி, உயரம் 30, எக்ஸிட் பியூப்பில் 10 மி.மீ. இன்னும் தாராளமாக வைத்திருக்கலாமே என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். திரையின் அளவு மாறாமல் படத்தையும் பியூப்பிலையும் பெரிதாக்கினால் எஃப் எண் (குவியத் தூரத்தை லென்ஸ் திறப்பின் விட்டத்தால் வகுத்தால் வருவது) இறங்கும், படத்தைக் கெடுக்கும் பிழைகள் ஏறும், அவற்றைத் திருத்த லென்ஸ்கள் கூடும், அந்த எடையெல்லாம் முகத்துக்கு முன்னால் தொங்கும். சுமப்பது கழுத்துதான்.

* * *

நான் வேலை பார்த்தது வைசரின் (கவசத்தின் முகத்துக்கு முன்னால் இறங்கும் கண்ணாடி மறைப்பின்) உட்புறத்திலேயே படத்தைப் பிரதிபலிக்கும் வகையில். வளைந்த கண்ணாடியில் ஒளி சாய்வாக விழுந்தால் ஆஸ்டிக்மாடிசம் (ஒளிப்புள்ளி ஒரே புள்ளியாகக் குவியாத பிழை) வந்தே தீரும். ஒரே ஒரு ஒளிப்புள்ளியைக் காட்டச் சொல்லிப் பார்த்தோம். ஃபோகஸை நகர்த்த நகர்த்த அது நிற்கும் கோடாக இருந்து, மங்கிய வட்டமாகி, படுத்த கோடாக மாறியது. புள்ளியாக ஆகவே இல்லை. திரையின் படத்தை வைசருக்குக் கொண்டுசேர்க்கும் ரிலே லென்ஸ்களில் சிலவற்றை வேண்டுமென்றே சாய்த்து, மையம் விலக்கி வைத்த பிறகுதான் அடங்கியது. இவ்வளவு அழகான வேலை ஆப்டிக்ஸில் குறைவு என்பேன்.

* * *

முதலில் எழுதிய நண்பர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கவசத்தை ஆளுக்கு ஏற்றபடி பொருத்திக் கொடுப்பது என் வேலை. மாட்டியவரிடம் "படம் தெரிகிறதா?" என்று கேட்கவே மாட்டேன், எல்லோரும் தெரிகிறது என்றுதான் சொல்வார்கள். நான்கு மூலைகளிலும் உள்ள எழுத்துகளை வாசிக்கச் சொல்வேன். ஒரு மூலை இருண்டிருந்தால் டிஸ்ப்ளேயை நகர்த்துவேன். பிறகு தலையை நன்றாக உலுக்கச் சொல்லி, மறுபடியும் வாசிக்கச் சொல்வேன்.

இரண்டு கண்ணுக்கும் படம் தரும் கருவி என்றால் இன்னும் கவனம் வேண்டும். இரு கண்களும் உள்பக்கமாகத் திரும்பிச் சேரும், அது அவற்றுக்குப் பழக்கம். ஒன்று மேலேயும் மற்றது கீழேயும் திரும்புவதுதான் மிகச் சிறிதளவுக்கு மேல் முடியாத காரியம். இரு படங்களுக்கும் இடையே மேல்கீழாகச் சிறிது பிசகினாலும் கண் வலியும் தலைவலியும் வரும். அதனால் பக்கவாட்டுச் சீரமைப்பைவிட மேல்கீழ்ச் சீரமைப்பைத்தான் முதலில் பார்ப்பேன்.