ஓணான் எண்ண ரெண்டு பேர் வேணும்

வணக்கம் சொந்தங்களே. ஏப்ரல், மே ரெண்டு மாசமும் ராமநாதபுரம் கடற்கரையில சேதுக்கரையிலிருந்து வாலிநோக்கம் வரைக்கும் ஓணான் கணக்கெடுக்கப் போறேன். ஆராய்ச்சிப் படிப்புக்குத்தான், சிரிக்காதீங்க.

ஃபுளோரிடாவுல கியூபாவிலிருந்து வந்த பழுப்பு அனோல்ங்கிற பல்லி, உள்ளூர்ப் பச்சை அனோலை மரத்து உச்சிக்கு விரட்டிருச்சு. நம்ம பக்கம் வந்தேறி பல்லி இல்ல, மரம்: சீமைக்கருவேலம். அது அடைச்ச இடத்துல நம்ம விசிறி ஓணான் இருக்கா, இல்ல வெட்டவெளி மணலோட நின்னுருதா? அதுதான் கேள்வி. ஆண் ஓணான் ஒரு சின்ன மேட்டுல ஏறி, கழுத்துப் பையை விசிறி மாதிரி விரிச்சு விரிச்சு மூடும். 2016-ல பேர் வெச்ச ஒரு இனத்துக்கு அறிவியல் பேரே ‘விசிறி’தான், நம்ம பனையோலை விசிறி.

காலை 7 மணியிலிருந்து 10 வரை நடை. அதுக்கு மேல மணல் செருப்பைத் தாண்டிச் சுடும். முள்ளு வேற. தினம் 600 ரூபாய், சாப்பாடு என் பொறுப்பு. ஏர்வாடி, கீழக்கரை பக்கத்துப் பிள்ளைகளா இருந்தா ரொம்ப நல்லது. பெரியபட்டினத்துல வாடகைக்கு ஒரு ரூம் இருந்தாலும் சொல்லுங்க.

ராமருக்குத் தண்ணிக்குப் பதிலா மூத்திரம் கொடுத்ததுன்னு ஓணானைக் கல்லால அடிச்ச ஆளுகளும் வரலாம். நானும் அடிச்சவன்தான். உள்பெட்டியில வாங்க.