ஃபுளோரைடு வடிகட்டி நிறுவனம் தொடங்க எண்ணம்: பென்னாகரம் பகுதியில் இது நிலைக்குமா?

கேள்வி – பென்னாகரத்தான்

அனைவருக்கும் வணக்கம். ஓசூரில் மின்சார ஸ்கூட்டர் உற்பத்தித் துறையில் ஆறு ஆண்டுகள் மின்னணுப் பிரிவில் பணியாற்றிவிட்டு, பென்னாகரம் அருகிலுள்ள சொந்த ஊருக்குத் திரும்பியிருக்கிறேன். என் அக்கா மகனுக்குப் பால்பற்கள் விழுந்து புதுப்பற்கள் முளைத்தபோதே அவற்றில் சுண்ணாம்பைத் தீற்றியது போன்ற கோடுகள் இருந்தன. இப்போது அவை பழுப்பேறிவிட்டதால், பன்னிரண்டு வயதுப் பையன் வாயைக் கையால் மூடிக்கொண்டுதான் சிரிக்கிறான்.

எங்கள் தெரு ஆழ்துளைக் கிணற்று நீரைப் பரிசோதிக்கக் கொடுத்ததில், பற்களில் இப்படிக் கறையை உண்டாக்கும் ஃபுளோரைடு ஒரு லிட்டருக்கு 3.2 மில்லிகிராம் இருப்பதாக முடிவு வந்தது. இந்தியத் தர நிர்ணயப்படி 1 மில்லிகிராம்தான் ஏற்கத்தக்க அளவு. வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். ஜப்பான் நிதியுதவியுடன் கட்டப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது பெரிய நன்மைதான். ஆனால் எங்கள் ஊர் மேல்நிலைத் தொட்டியில் காவிரி நீர் போதாத நாள்களில் போர் தண்ணீரையும் சேர்த்தே ஏற்றுகிறார்கள்.

ஆகவே வீட்டுக்கு ஒரு வடிகட்டி, அதனுள் ஃபுளோரைடை அளந்து கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும் உணரி என்று திட்டமிட்டிருக்கிறேன். கையில் ஆறு லட்சம் ரூபாய் சேமிப்பு இருக்கிறது. மக்கள் வாங்குவார்களா, நிறுவனத்தை எந்த வகையில் பதிவு செய்யலாம் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் – பாலக்கோடு பழையவர்

தம்பி, இதே நோக்கத்தோடு இயங்கிய ஒரு சிறு நிறுவனத்தில் களப்பணியாளராக நான்கு ஆண்டுகள் இருந்தேன். பெயர் வேண்டாம், இப்போது அது இல்லை. நாங்கள் கொடுத்தது இரண்டடுக்கு எவர்சில்வர் பாத்திரம். மேலடுக்கில் மூன்று கிலோ ஆக்டிவேட்டட் அலுமினா குருணை இருக்கும். தண்ணீர் அதன் வழியாக மெல்ல இறங்கும்போது ஃபுளோரைடு குருணையின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும். முதல் மாதப் பரிசோதனைகளில் எல்லா வீட்டிலும் அளவு 1க்குக் கீழேதான் இருந்தது. ஆனால் ஒட்டிக்கொள்ள இடம் தீர்ந்ததும் ஃபுளோரைடு அப்படியே கீழே வந்துவிடும். எங்கள் பகுதி நீரில் காரத்தன்மை மிகுதி என்பதால், ஆய்வகத்தில் கண்ட திறனுக்கு வெகுமுன்பே, பல வீடுகளில் இரண்டே மாதத்தில், குருணை ஓய்ந்துபோயிற்று.

அதன் பிறகு குருணையைக் காஸ்டிக் சோடா கரைசலால் கழுவி, நீர்த்த அமிலத்தால் நடுநிலைப்படுத்தி மீண்டும் நிரப்ப வேண்டும். பாத்திரம் விற்ற பணம் கைக்கு வந்தவுடன் அடுத்த ஒன்றியத்தில் விற்பதில்தான் நிர்வாகம் கவனம் செலுத்தியது. குருணை மாற்றுவதற்கு ஆளும் இல்லை, வண்டியும் இல்லை. ஓராண்டு கழித்து ஒரு வீட்டுக்குப் போனபோது, அந்தப் பாட்டி பழைய குருணையிலேயே நம்பிக்கையோடு தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். மாற்றவில்லையா என்று கேட்டதற்கு, "அப்பவும் அதே ருசிதான், இப்பவும் அதே ருசிதான், கெட்டுப்போச்சுன்னு எனக்கு எப்படிப்பா தெரியும்?" என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. வடிகட்டியே இல்லாத வீட்டைவிட அந்த வீட்டுக்கு நாங்கள் செய்த தீங்கு பெரிது என்று இன்றும் நினைக்கிறேன். ஏனென்றால் அவர் காவிரிக் குழாயைத் தேடிப் போவதை நிறுத்திவிட்டிருந்தார்.

ஃபுளோரைடு உணரியை வீட்டில் வைக்காதீர்கள். அதிலுள்ள மின்முனையை, ஃபுளோரைடு அளவு தெரிந்த கரைசல்களில் அடிக்கடி சரிபார்க்காவிட்டால் காட்டும் எண் விலகிப்போகும். அதற்குப் பதிலாக, எத்தனை லிட்டர் இறங்கியது என்று எண்ணும் எளிய கருவி போதும். அந்தத் தெரு நீரில் எவ்வளவு ஃபுளோரைடு உள்ளது, குருணை எத்தனை கிலோ என்று முன்பே அளந்துவிட்டால், எத்தனையாவது லிட்டரில் சிவப்பு விளக்கு எரிய வேண்டும் என்பதைக் கணக்கிடலாம். உங்கள் மின்னணு அறிவு அங்கேதான் பயன்படும். நீங்கள் விற்க வேண்டியது பாத்திரத்தை அல்ல, தவறாமல் வந்து குருணை மாற்றும் பணியை.

பதில் – அறிவியல் ஆசிரியை

தம்பி, நிலைப்பற்களின் எனாமல் உருவாவது ஏறத்தாழ எட்டு வயது வரைதான். அதற்குள் படிந்த கறை பிறகு நல்ல நீர் குடித்தாலும் நீங்காது. ஆகவே முதல் நூறு வடிகட்டிகளை அங்கன்வாடிகளுக்கும் கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கும் கொடுங்கள். எங்கள் பள்ளி மாணவர்கள் நிறம் மாறும் பரிசோதனைப் பெட்டியை வைத்து ஊர்க் கிணறுகளை அளந்தபோது, ஒரே தெருவில் இரண்டு போர்களுக்கிடையே இருமடங்கு வேறுபாடு தெரிந்தது. பாறையில் உள்ள தாதுக்களிலிருந்து கரைந்து வருவதால் ஊருக்கு ஓர் எண் என்று வைத்துக்கொள்ள முடியாது. காய்ச்சினால் போய்விடும் என்று இன்னும் பல வீடுகளில் நம்புகிறார்கள். காய்ச்சும்போது நீர் வற்றுவதால் செறிவு கூடவே செய்யும்.

மழைநீரில் ஃபுளோரைடு அநேகமாக இருப்பதில்லை. ஓட்டு வீடோ தளம் போட்ட வீடோ, குடிக்கவும் சமைக்கவும் மட்டும் மழைநீரைச் சேமிக்க வசதியுள்ள இடத்தில் உங்கள் கருவியை விற்காமல் அதைச் சொல்லிவிட்டு வருவீர்களா என்பதையும் யோசியுங்கள்.

பதில் – ஓசூர் கணக்கர்

பதிவு பற்றி மட்டும் சொல்கிறேன். பிரைவேட் லிமிடெட் என்றால் மத்திய அரசு 2016இல் தொடங்கிய ஸ்டார்ட்அப் இந்தியா திட்டத்தின் அங்கீகாரத்துக்கும், புதிய நிறுவனங்களுக்கான மாநில அரசின் டான்சீட் ஆதார நிதிக்கும் விண்ணப்பிக்கலாம். கம்பெனிகள் சட்டத்தின் பிரிவு 8இல் வரும், லாபத்தைப் பங்கிடாத நிறுவனம் என்றால் கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியை எதிர்பார்க்கலாம். ஆனால் அதே துறையில் குறைந்தது மூன்று ஆண்டுச் செயல்பாட்டை விதி கேட்கிறது. முதல் மூன்று ஆண்டுகளை அந்தப் பணத்தை நம்பித் திட்டமிடாதீர்கள். மின்சார ஸ்கூட்டர் வாங்குபவர் பெட்ரோல் செலவு குறைவதை மாதந்தோறும் கண்ணால் பார்க்கிறார். உங்கள் வாடிக்கையாளருக்கு அப்படி எதுவும் தெரியாது. ஆகவே பாத்திரத்துக்கு முழு விலை வாங்காமல், மாதக் கட்டணத்தில் குருணை மாற்றுவதையும் சேர்த்துவிடுங்கள். நீங்கள் போகாவிட்டால் பணம் வராது என்ற நிலை இருந்தால்தான் உங்கள் ஆள் அந்த வீட்டு வாசலுக்குத் தவறாமல் போவார்.

மறுமொழி – பென்னாகரத்தான்

மூவருக்கும் நன்றி. உணரியைக் கைவிட்டு லிட்டர் எண்ணும் கருவியைச் செய்யப்போகிறேன். முதலில் எங்கள் ஊராட்சியின் எல்லாப் போர்களையும் அளக்க வேண்டும். அம்மா, உங்கள் மாணவர்கள் பயன்படுத்திய பெட்டி எங்கே கிடைக்கும்? ஐயா, குருணை கழுவிய கரைசலை என்ன செய்தீர்கள்?

பதில் – பாலக்கோடு பழையவர்

கரைசலைச் சாக்கடையில் ஊற்றினால் ஃபுளோரைடு மறுபடி நிலத்துக்கே போகும். சுண்ணாம்பு கலந்தால் கால்சியம் ஃபுளோரைடாகப் படியும். அந்தப் படிவை உலர்த்தித் தனியே வைத்து, கழிவு மேலாண்மை உரிமம் உள்ளவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். வீட்டில் கழுவ விடாதீர்கள். குருணையைத் திரட்டி ஒரே இடத்தில் கழுவுங்கள். அதற்கான கொட்டகைக்கும் தொட்டிக்கும் உங்கள் ஆறு லட்சத்தில் இப்போதே ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள்.