14 வயது அரசன் கொடுத்த வாக்கு: இரண்டாம் ரிச்சர்டை எப்படி எடைபோடுவது?

புத்தகப்பித்தன்:

வணக்கம். இங்கிலாந்து அரசன் இரண்டாம் ரிச்சர்டின் தொடக்க ஆண்டுகளைப் பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்து வருகிறேன். 1381 ஜூன் மாதத்துக்கு வந்தவன் அங்கேயே நின்றுவிட்டேன்.

ஜூன் 14 அன்று லண்டனுக்கு வெளியே மைல் எண்டில், கிளர்ந்து வந்த குடியானவர்கள் முன் நேரில் நிற்கிறான். இனிப் பண்ணையடிமை என்று யாரும் இல்லை, நிலத்துக்கு ஏக்கருக்கு 4 பென்னி குத்தகை போதும் என்று ஒப்புக்கொள்கிறான். எழுத்தர்கள் அங்கேயே உட்கார்ந்து சாசனங்கள் எழுதிக் கொடுக்கிறார்கள். ஜூலை 2-இல் செம்ஸ்ஃபோர்டில் அத்தனையும் செல்லாது என்று அறிவிப்பு வருகிறது.

அவனுடைய துணிச்சலைப் புகழ்கிறவர்கள், வாக்கு மீறியதை மட்டும் ஆலோசகர்கள் தலையில் கட்டுகிறார்கள். நல்லது அவன் கணக்கு, கெட்டது அடுத்தவர் கணக்கா? அந்த வயதில் அவன் கையில் உண்மையில் என்னதான் இருந்தது?

மைல்எண்ட் கோதை:

நான் அந்த மைல் எண்டில்தான் குடியிருக்கிறேன், இங்கே பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். என் எதிரே உட்காருகிறவர்கள் 14 வயதுப் பிள்ளைகள். அதனால் இந்தக் கேள்வி எனக்கு ரொம்ப நெருக்கமானது.

தந்தை எட்வர்ட், 'கருப்பு இளவரசர்' என்று பெயர் பெற்றவர், 1376 ஜூனில் இறந்தார். தாத்தா மூன்றாம் எட்வர்ட் 1377 ஜூனில். அடுத்த மாதம் 16-ஆம் தேதி வெஸ்ட்மின்ஸ்டரில் முடிசூட்டினார்கள். ரிச்சர்டுக்கு வயது 10. சடங்கு முடிந்தபோது பையன் களைத்துப்போனதால் ஆசிரியர் சைமன் பர்லி தோளில் தூக்கிக்கொண்டு போனார். கூட்டத்தில் ஒரு காலணி கழன்று விழுந்துவிட்டது.

சிறுவன் அரசனானால் அவன் பெயரில் ஆள ஒரு பதில் ஆட்சியாளரை வைப்பதுதான் இயல்பு. இங்கே வைக்கவில்லை. வைத்தால் சிற்றப்பா ஜான் ஆஃப் கான்ட்டைத்தான் வைக்க வேண்டியிருக்கும், அவரை நாட்டில் பலரும் நம்பவில்லை. எனவே சட்டப்படி பையனே முழு அரசன், வேலையை ஆலோசனைக் குழுக்கள் பார்த்தன. 1380 தொடக்கத்தில் பாராளுமன்றம் அந்தக் குழுவையும் கலைக்க வைத்தது. என் பார்வையில் எல்லாச் சிக்கலும் இங்கிருந்துதான் தொடங்குகிறது. வரி போட்டது யார், போருக்குச் செலவழித்தது யார் என்று கேட்டால் காட்ட ஒரு ஆள் இல்லை. எல்லா ஆணையும் பையனின் பெயரில் போகிறது.

அந்த வரியைச் சொல்லாமல் பையனைப் பற்றிப் பேச முடியாது. 1377-இல் 14 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் தலைக்கு 4 பென்னி. 1379-இல் அந்தஸ்துக்கு ஏற்ற வரி, அது ஓரளவு நியாயமானது. 1380 நவம்பரில் நார்தாம்ப்டனில் கூடிய பாராளுமன்றம் 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தலைக்கு 12 பென்னி என்று போட்டது. ஊரில் வசதியுள்ளவர் இல்லாதவருக்குச் சேர்த்துக் கட்டட்டும் என்று ஒரு விதி இருந்தது. வசதியுள்ளவரே இல்லாத ஊரில் என்ன செய்வது? கூலித் தொழிலாளியும் முழு 12 பென்னி கட்ட வேண்டியதுதான், மனைவிக்கு இன்னொரு 12. 1351-ஆம் ஆண்டுச் சட்டப்படி வைக்கோல் வேலைக்கு ஒரு நாள் கூலி 1 பென்னிதான்.

மக்கள் பட்டியலிலிருந்தே மறைந்தார்கள். 1377-இல் வரி கட்டியவர்கள் சுமார் 13.5 லட்சம் பேர். 1381-இல் 9 லட்சத்துக்கும் குறைவு. அதிகமாகக் காணாமல் போனவர்கள் விதவைகள், மணமாகாத பெண்கள், வீட்டோடு இருந்த உறவினர்கள். அந்தப் பட்டியல்களை என் மாணவர்களுக்குக் காட்டும்போது இந்த இடத்தில்தான் அதிக நேரம் நிற்பேன். ஒரு தகப்பன் மகளின் பெயரைச் சொல்லாமல் விடுகிறான், அண்டை வீட்டார் வாய் திறப்பதில்லை. ஊர் முழுக்கச் சேர்ந்து காத்த மௌனம் அது. விடுபட்ட பெயர்களைத் தேட அரசு விசாரணைக் குழுக்களை அனுப்பியது. மே 30 அன்று எசெக்ஸின் பிரென்ட்வுட்டில், ஃபாபிங் முதலிய ஊர்க்காரர்கள் அதிகாரிகளை விரட்டியடித்தார்கள்.

இனி உங்கள் கேள்விக்கு. ஜூன் 13 அன்று ரிச்சர்ட் படகில் தேம்ஸ் வழியே கிளர்ச்சிக்காரர்களைப் பார்க்கப் போனான். கரையில் திரண்ட கூட்டத்தைக் கண்டு உடனிருந்த பெரியவர்கள் அவனை இறங்க விடவில்லை. அன்று கடிவாளம் அவர்கள் கையில். மறுநாள் மைல் எண்டில் கொடுத்த வாக்கு, கூட்டத்தைக் கலைக்க அவர்கள் போட்ட திட்டம் என்றே நினைக்கிறேன். அதே வேளையில் லண்டன் கோபுரக் கோட்டைக்குள் புகுந்த கிளர்ச்சிக்காரர்கள் பேராயர் சைமன் சட்பரியையும் பொருளாளர் ராபர்ட் ஹேல்ஸையும் இழுத்து வந்து தலையை வெட்டினார்கள்.

ஜூன் 15 வேறு. லண்டனின் ஸ்மித்ஃபீல்டில் கிளர்ச்சித் தலைவன் வாட் டைலரை நகரத் தலைவர் வில்லியம் வால்வொர்த் தாக்கி வீழ்த்தியதும் எதிரே வில்கள் வளைந்தன. அப்போது குதிரையைத் தட்டி முன்னே போய், 'நானே உங்கள் தலைவன், என்னோடு வாருங்கள்' என்று கூட்டத்தை கிளார்க்கன்வெல் பக்கம் அழைத்துச் சென்றது பையன்தான். அந்த ஒரு கணத்தில் யாரும் அவனுக்கு யோசனை சொல்லியிருக்க முடியாது. அவன் பின்னால் அவர்கள் ஏன் போனார்கள்? 'ரிச்சர்ட் அரசரோடும் உண்மையான பொதுமக்களோடும்' என்பதுதான் அவர்களுடைய அடையாளச் சொல். அமைச்சர்கள்தான் கெட்டவர்கள், அரசன் நம்மவன் என்று மனதார நம்பினார்கள். என்னால் ஆற முடியாதது அந்த நம்பிக்கையை நினைத்துத்தான்.

ஏரிக்கரை:

கோதை அக்கா சொன்னதில் ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். வரி வெறும் தீப்பொறி. விறகு 30 ஆண்டுகளாகக் குவிந்து கிடந்தது. 1348-49 கொள்ளைநோயில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் மக்கள் செத்தார்கள். ஆள் பற்றாக்குறையால் கூலி ஏறியது. நிலப்பிரபுக்கள் 1349-லும் 1351-லும் சட்டம் போட்டு நோய்க்கு முந்தைய கூலிக்கே வேலை செய்ய வேண்டும் என்றார்கள். பண்ணையடிமைக்கோ அதற்கு மேலும் சுமை: பிரபு நிலத்தில் கட்டாய வேலை, மகள் திருமணத்துக்குக் கட்டணம், குடும்பத்தலைவன் இறந்தால் இருப்பதில் நல்ல மாட்டைக் கொடுக்க வேண்டும்.

ஒரு துறவி மடத்தின் பிடியில் இருந்த செயின்ட் ஆல்பன்ஸ் ஊரில் நடந்ததைப் பாருங்கள். வீட்டில் திருகை வைத்து மாவரைக்கக் கூடாது, மடத்து ஆலையில்தான் காசு கொடுத்து அரைக்க வேண்டும் என்பது மடத்தின் விதி. பிடுங்கிய திருகைக் கற்களை முன்பொரு மடத்தலைவர் தம் கூடத்தில் தளமாகப் பதித்திருந்தார். 1381-இல் ஊரார் அதைப் பெயர்த்து உடைத்து, கோயில் பிரசாதம் மாதிரி ஆளுக்கொரு துண்டாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். இந்தக் கோபத்துக்கும் தலைவரிக்கும் என்ன தொடர்பு?

அதோடு, கிளர்ச்சிக்காரர்களை மொத்தமாகப் புனிதர்களாக்க வேண்டாம். அந்த நாட்களில் லண்டனில், ஃபிளாண்டர்ஸிலிருந்து வந்து குடியேறிய ஃபிளெமிஷ் மக்களைத் தேடித்தேடிக் கொன்றார்கள். தேவாலயத்தில் ஒளிந்தவர்களைக்கூட வெளியே இழுத்து வெட்டியிருக்கிறார்கள்.

புத்தகப்பித்தன்:

இருவருக்கும் நன்றி. அக்கா, அப்படியானால் வாக்கு மீறியது யார் என்பதற்கு உங்கள் பதில் என்ன? அதை இன்னும் நேராகச் சொல்லுங்கள்.

மைல்எண்ட் கோதை:

ஏரிக்கரை சொன்ன இரண்டும் சரி. ஃபிளெமிஷ் கொலைகளை நானும் வகுப்பில் விடாமல் சொல்வேன்.

நேராகச் சொல்கிறேன். சாசனங்களை ரத்து செய்தது நில உடைமை வர்க்கம் முழுவதும். 1381 நவம்பரில் பாராளுமன்றம் கூடியபோது, பண்ணையடிமைகளை விடுவிக்க உங்களுக்குச் சம்மதமா என்று அரசன் சார்பில் புதிய பொருளாளர் ஹியூ செக்ரேவ் கேட்டார். பிரபுக்களும் பொதுச்சபையினரும் ஒரே குரலில் முடியாது என்றார்கள். அந்தப் பொதுச்சபையில் இருந்தவர்களும் நிலமும் வணிகமும் உள்ளவர்கள்தான், குடியானவன் ஒருவனும் இல்லை.

ஆனால் ரிச்சர்டை நான் விடுவிக்கவில்லை. ஜூன் கடைசியில் எசெக்ஸ் மக்களின் தூதர்கள் வால்தமில் வந்து, கொடுத்த வாக்கை உறுதி செய்யக் கேட்டார்கள். குடியானவர்களாக இருந்தீர்கள், குடியானவர்களாகவே இருப்பீர்கள், முன்னைவிட இழிந்த நிலையில் என்று அவன் பதில் சொன்னதாக வால்சிங்கம் எழுதுகிறார். அவர் அதே செயின்ட் ஆல்பன்ஸ் மடத்துத் துறவி, கிளர்ச்சிக்காரர்கள் மேல் தீராத வெறுப்பு உள்ளவர், அதனால் வார்த்தைக்கு வார்த்தை நம்ப மாட்டேன். ஆனால் ஜூலை 15 அன்று கிளர்ச்சிக்காரர்களின் போதகர் ஜான் பாலை செயின்ட் ஆல்பன்ஸில் கொன்றபோது ரிச்சர்டும் அங்கே இருந்தான். 14 வயதுக்கு நியாய அநியாயம் தெரியும். தினமும் அந்த வயதுப் பிள்ளைகளோடு இருக்கிறேன், அதனால் இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

லண்டன் வந்தால் ஸ்மித்ஃபீல்டில் பார்த்தலோமியூ மருத்துவமனைச் சுவரில் 2015-இல் வைத்த கிளர்ச்சி நினைவுப் பலகையைப் பாருங்கள். ஜான் பாலின் சொற்கள் பொறித்திருக்கும். ஃபேரிங்டன் நிலையத்தில் இறங்கினால் நடக்கிற தூரம்தான்.