அமெரிக்கா போகும் அம்மாவுக்கு இந்த 5ஜி போன் போதுமா?

காவேரிக்கரை:
அம்மா அடுத்த மாசம் டெக்சாஸ் போறாங்க, அக்கா பிரசவத்துக்கு. ஆறு மாசம் இருப்பாங்க. வீடு ஆஸ்டினைத் தாண்டி லியாண்டர் பக்கம். அம்மா கையில இருக்கறது இங்க வாங்கின பதினஞ்சாயிரம் ரூபா 5ஜி போன். கம்பெனி சைட்ல போட்டிருக்கற 4ஜி பேண்ட், அதாவது போன் எடுக்கற அலைவரிசை: பி1, 3, 5, 8, 40. 5ஜின்னா என்1, 3, 8, 28, 40, 78. கடைக்காரரைக் கேட்டா, "5ஜி போன்தானே, உலகம் பூரா எடுக்கும், ரோமிங் பேக் போடுங்க"ங்கறார். பென்ஷன் பேங்க் ஓடிபி இந்த நம்பருக்குத்தான் வரும். நம்பலாமா?

ரெண்டு சிம்:
என் மாமனார் நியூஜெர்சியில நாலு மாசம் இருந்தார். இந்தியாவுல வாங்கின ஐபோன், அங்கத்து சிம். ஒரு குறையும் இல்லை. பயப்படாம அனுப்புங்க.

பிளேனோவாசி:
ஐபோனையும் இதையும் ஒண்ணாப் பேசாதீங்க சார். ஐபோன்ல அமெரிக்க பேண்ட் முக்கியமானதெல்லாம் இருக்கும். தம்பி போட்டிருக்கறது நம்ம ஊருக்குன்னே அளவெடுத்த பட்டியல். ஜியோவுக்கு 3, 5, 40. ஏர்டெல்லுக்கு 1, 3, 8, 40. முடிஞ்சுது.

இங்க அமெரிக்காவுல பி1, பி3ல டவரே கிடையாது. ஊருக்குள்ள ஓடறது பி2, பி4, பி66. சுவர் தாண்டி வீட்டுக்குள்ள வர்றதும், ஒதுக்குப்புறத்துல எட்டறதும் 600, 700 மெகாஹெர்ட்ஸ்தான். இங்கத்து மூணு பெரிய சிம் கம்பெனில டி-மொபைலுக்கு பி12, பி71, ஏடி அண்ட் டிக்கு பி12, வெரைசனுக்கு பி13. உங்க பட்டியல்ல இதுல ஒண்ணுகூட இல்லை. 5ஜியும் அப்படித்தான். இங்க என்41, என்71, என்77. உங்களோட என்78 அலைவரிசை முழுக்க என்77க்குள்ளயே அடங்கினாலும், டவர் என்77னு சொல்றப்போ என்78 மட்டும் தெரிஞ்ச போன் கண்டுக்காது.

மிஞ்சறது பி5. 850 மெகாஹெர்ட்ஸ். அது ஏடி அண்ட் டிகிட்டயும் வெரைசன்கிட்டயும் பல இடத்துல இருக்கு. ஆனா தங்களோட பட்டியல்ல இல்லாத மாடலுக்கு சிம் தர்றதுல ரெண்டு பேருமே கறார். வெளிநாட்டு போனைத் தாராளமா ஏத்துக்கறது டி-மொபைல். அதுகிட்ட பி5 கிட்டத்தட்ட இல்லை. பேண்ட் இருக்கற இடத்துல போனைச் சேர்க்க மாட்டாங்க, சேர்க்கற இடத்துல பேண்ட் இல்லை.

முன்னாடி இந்த மாதிரி போனெல்லாம் 3ஜியில தப்பிச்சுடும். 2022ல மூணு பேரும் அதை மூடிட்டாங்க: பிப்ரவரியில ஏடி அண்ட் டி, ஜூலையில டி-மொபைல், டிசம்பர் கடைசியில வெரைசன். அதனால கால் பேசவே வோல்டிஇ, அதாவது 4ஜி வழியா கால் பேசற வசதி, வேணும்.

ரோமிங் பேக் பில்லுக்குத்தான். போனுக்குள்ள இருக்கற ரேடியோ அதேதானே? பிளாஸ்டிக் அட்டை இல்லாம போனுக்குள்ளயே ஏத்தற இசிம்மும் அப்படியே. எங்கப்பா இதே ரகப் போனோட வந்தார், ரோமிங்கோட. வால்மார்ட் கடை பார்க்கிங்ல சிக்னல் ஒரு கோடு வரும், மெசேஜ் நாலஞ்சு சேர்ந்து கொட்டும். வீட்டுக்குள்ள நுழைஞ்சா "அவசர அழைப்பு மட்டும்". ஓடிபி செல்லுபடியாகற நேரத்துக்குள்ள பார்க்கிங்குக்கு ஓட முடியுமா?

பி2, 4, 12, 66 இருக்கற போன் ஒண்ணு ஊர்லயே வாங்கிடுங்க. 71ம் இருந்தா லியாண்டர் பக்கத்துக்கு ரொம்ப நல்லது. பேரைப் பார்த்து வாங்காதீங்க. ஒரே பேர்ல அமெரிக்காவுக்கு ஒரு மாடல் நம்பர், இந்தியாவுக்கு ஒண்ணு. யூடியூப்ல வெள்ளைக்காரர் சொல்ற பேண்ட் உங்க டப்பாவுல இருக்காது. டப்பாவுல உள்ள மாடல் நம்பரைக் கம்பெனி சைட்ல தேடுங்க. அப்புறம் *#06# அடிச்சு வர்ற ஐஎம்இஐயை, அதாவது போனோட அடையாள நம்பரை, டி-மொபைல் சைட்ல போட்டுப் பாருங்க.

காவேரிக்கரை:
ரொம்ப நன்றி அண்ணா. அக்காகிட்ட சும்மா கிடக்கற ஐபோன் 14 இருக்காம், அங்க வாங்கினது. அதை அம்மாவுக்குத் தந்துடறேங்கறா. செலவு மிச்சமில்லையா?

பிளேனோவாசி:
நல்ல போன். ஆனா அமெரிக்காவுல வித்த 14ல சிம் போடற தட்டே கிடையாது, இசிம் மட்டும்தான். அம்மாவோட இந்திய நம்பர் பிளாஸ்டிக் சிம்ல இருக்குமே? அதை இசிம்மா மாத்தற வேலையை, எஸ்எம்எஸ் ஒழுங்கா வர்ற ஊர்ல, அந்த போனைக் கையில வச்சுக்கிட்டு முடிக்கறதுதான் நிம்மதி. போன் இங்க, அம்மா அங்க. வேற சிம் ஏறாம சிம் கம்பெனி போடற லாக் இருந்தா இந்திய நம்பர் அதுல ஏறவே ஏறாது. அதையும் அக்காவைக் கேளுங்க.

யுபிஐயும் இருக்கு. புது போன்ல ஆப் போட்டா அந்த சிம்லேர்ந்து ஒரு எஸ்எம்எஸ் போனாத்தான் பதிவாகும். அதனால ஊர்லயே போன் வாங்கி, சிம்மை மாத்தி, பேங்க் ஆப்பெல்லாம் அதுல ஏத்தி, ஒரு வாரம் அம்மா அதையே புழங்கட்டும். ரெண்டாவது சிம் தட்டு காலியா இருக்கட்டும், டி-மொபைல் சிம்முக்கு. பழைய போனைக் கொண்டு வரலாம், வைஃபைல சீரியல் பார்க்க ஆகும்.